அரணைக்கு விஷம் கிடையாது

எங்கள் பத்திரிகை அலுவலகத்து மாடிப்படி மரத்தாலானது. யார் ஏறி வந்தாலும் சத்தம் கேட்கும். அவர் ஏறும் சத்தம் தனி. காலடி, குடை நுனி, காலடி, குடை நுனி. அது கேட்டதும் அச்சுக் கோக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். நான் அன்றைய பத்திரிகையை எடுத்து, எந்த மூலையில் பாம்போ பல்லியோ வந்திருக்கிறது என்று தேடத் தொடங்குவேன்.

அவர் உட்கார மாட்டார். நாற்காலியைக் காட்டினால் அதன்மேல் குடையைக் கிடத்துவார். பிறகு கேட்பார்.

"பார்த்ததா, கேட்டதா?"

வணக்கம், சௌக்கியம் எல்லாம் அவருக்கு இந்த ஒரு கேள்விதான். முதல் முறை வந்தது மகுடிச் செய்திக்காக. புதுமண்டபத்து வாசலில் ஒரு பிடாரன் புன்னாகவராளி வாசிக்க, நல்ல பாம்பு ராகத்துக்கு ஏற்ப ஆடியதாக நான் எழுதியிருந்தேன்.

"நானே பார்த்தேன் சார்" என்றேன்.

"என்ன பார்த்தீர்?"

"பாம்பு ஆடினதை."

"பாம்பு ஆடினதைப் பார்த்தீர். ராகத்துக்கு ஆடுச்சுங்கிறதைப் பார்த்தீரா? பாம்புக்குக் காது எங்க இருக்கு, காட்டும் பார்ப்போம். தரை அதிர்ந்தா அதுக்குத் தெரியும். குழல் அசையுது, அதோட அதுவும் அசையுது. குழலை ஆட்டாம வாசிக்கச் சொல்லும், உம்ம புன்னாகவராளிக்கு அது என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். ரெண்டு விஷயம் ஓய். ஒண்ணைப் பார்த்துட்டு இன்னொண்ணையும் சேர்த்து எழுதிட்டீர்."

நான் தொழிலுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. அவர் சொன்னது சரி என்பது அப்போதே தெரிந்தது. அவரை எனக்குப் பிடிக்காது என்பதும் அப்போதே தெரிந்தது. பின்னால் வந்த வருஷங்களில் இரண்டு கருத்தையும் மாற்றிக்கொள்ளக் காரணம் கிடைக்கவில்லை.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. அவருக்குத் தவளை வியாபாரம். திருச்சியிலும் சென்னையிலும் இருந்த காலேஜ்களில் மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்குத் தவளை, ஓணான், பாம்பு எல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார். கோச்சடையில் ஆற்றங்கரையை ஒட்டிய பழைய வீடு; தகப்பனார் வைத்துவிட்டுப் போனது. கொல்லையில் சிமெண்டுத் தொட்டிகள், மேலே நனைந்த சாக்கு, உள்ளே நூற்றுக்கணக்கில் தவளை. முன்னறையில் சீசாக்கள். மனைவி மக்கள் இல்லை. இருந்து போனார்களா, இருந்ததே இல்லையா என்று அவரிடம் கேட்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. காலேஜில் படித்தவர். மூடிய கோட்டு, கஞ்சி போட்ட வேட்டி, செத்த பிராணிகள் கெடாமலிருக்கச் சீசாவில் ஊற்றும் பார்மலினில் ஊறி ஊறித் தடித்துப்போன விரல் நுனிகள். சூடான காப்பி டம்ளரை அப்படியே பிடிப்பார். சுடாது. எதைத் தொட்டாலும் அந்த விரல்களுக்குப் பாதிதான் தெரியும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஒருமுறை அவர் ரயிலில் போட்ட பெட்டி ஒன்று பிளாட்பாரத்தில் உடைந்துவிட்டது. ஈரப்புல்லோடு தவளைகள் நாலா பக்கமும் தாவின. போர்ட்டர்கள் ஓடினார்கள். மானாமதுரைக்கு டிக்கெட் எடுத்திருந்த ஒரு பெரியவர், சகுனம் சரியில்லை என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். இவர் தவளைகளை விட்டுவிட்டு அந்தப் பெரியவரைப் பின்தொடர்ந்து வாசல் வரைக்கும் போனார். "தவளைக்குச் சகுனம் சொல்லத் தெரியாது. அது பாட்டுக்குத் தண்ணியைத் தேடுது. நீர் எங்கே போனா அதுக்கு என்ன?" என்று சொல்லி முடித்த பிறகுதான் திரும்பி வந்து சரக்கைப் பிடித்தார். பாதி ரயிலடிச் சாக்கடைக்குள் போயிருந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் பஞ்சாங்கப் பக்கத்தில் பல்லி விழும் பலன் வரும். அதற்காகவும் படியேறி வந்திருக்கிறார்.

"தலையில விழுந்தா கலகம்னு போட்டிருக்கீர். விழுந்த பல்லிக்கு என்ன ஆச்சு? அதைப் போடலையே?"

ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "நீங்களே ஏதாவது சொல்லுங்க, போடுறோம்" என்றார்.

"வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது. கண்ணில தூசி விழுந்தா நாக்கை நீட்டி நக்கித் துடைச்சுக்கும். தவளை தண்ணி குடிக்காது, தோலால உறிஞ்சிக்கும். கட்டுவிரியன் கடிச்சா வலிக்காது. கொசு கடிச்ச மாதிரி இருக்கும், பல்லுப் பட்ட இடம்கூடத் தெரியாது. படுத்த பாயிலேயே ஆள் போயிருவான். இதையெல்லாம் போடும்."

"இதைப் போட்டா எவன் சார் காலையில காப்பியோட பத்திரிகை படிப்பான்?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கட்டுவிரியனைப் பற்றி அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். பின்னால் வரப்போவதற்காக இதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஊர் அவரை வெறுத்தது. ஊர் நம்புவதைப் பொய் என்று சொன்னதற்காக அல்ல. அந்தப் பொய்யை அவர் பிடுங்குகிற விதத்துக்காக. ஒரு சம்பவத்தில் நான் கூட இருந்தேன்.

கீழவாசல் பக்கம் ஒரு ஜவுளி வியாபாரி. கல்யாணமாகி வெகு நாளாகியும் குழந்தை இல்லை. புருஷனும் மனைவியும் அழகர்கோவிலுக்கு நேர்ந்துகொண்டு வண்டியில் போகும்போது, தோப்போரத்தில் இரண்டு பாம்புகள் பின்னி நிமிர்ந்து நின்றிருக்கின்றன. பிணையும் பாம்புகள்மேல் புதுத்துணியைப் போட்டு எடுத்துவந்து வீட்டில் வைத்தால் நினைத்தது நடக்கும் என்பார்கள். சாரைதான் ஆண், நாகம்தான் பெண் என்றும் சொல்வார்கள். வியாபாரி கோவிலுக்கென்று வைத்திருந்த புது வேட்டியை வீசியிருக்கிறார். அதை மஞ்சள் தடவி ஒரு பெட்டியில் வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டு வந்தார்கள். எங்கள் பத்திரிகையில் இதைச் சுபச்செய்தியாகப் போட்டோம்.

அவர் வந்தார். "சாட்சிக்கு நீர் வாரும்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே போனார். நிறம் என்ன, நீளம் என்ன, படம் எடுத்ததா என்று விசாரித்தார். வியாபாரி மரியாதையாகப் பதில் சொன்னார். மனைவி பெட்டியைத் திறந்து வேட்டியைக் காட்டினார்.

"சாரையும் நாகமும் சேர்றதே கிடையாது. சாரையிலயும் ஆண் பெண் உண்டு, நாகத்திலயும் உண்டு. நீங்க பார்த்தது ரெண்டும் சாரை. ரெண்டும் ஆண். அந்தமாதிரி பின்னி நிக்கிறதைப் பிடிச்சு அறுத்துப் பார்த்திருக்கேன். அத்தனையும் ஆண்தான். பிணையலை, மல்லுக்கட்டுதுங்க" என்றார்.

அந்த அம்மாள் வேட்டியின் மடிப்பை நீவினார். பிறகு, "அப்ப இந்த வேட்டி?" என்று கேட்டார்.

"வேட்டி வேட்டிதான். அவரைக் கட்டிக்கச் சொல்லுங்க."

வியாபாரி எழுந்து நின்று, "வெளிய போங்க" என்றார். சத்தம் போடவில்லை. அந்த அம்மாள் பெட்டியை மூடினார். மூடி சரியாகப் பொருந்தாமல் இரண்டு முறை அழுத்தினார். தெருவுக்கு வந்ததும் இவர் குடையை விரித்து, "இன்னிக்கு ஒரு பொய் குறைஞ்சுது" என்றார். சாப்பிட்டு எழுந்தவர் போல ஒரு நிறைவு முகத்தில் இருந்தது. அவர் அந்த அம்மாளின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். இன்னொன்றையும் கவனித்தேன். அந்தப் பாம்புகளை அவரும் பார்க்கவில்லை.

கோச்சடையில் அவருக்கு அடுத்த வீடு விருமாயியுடையது. ஆடு வளர்த்தவள்; புருஷன் இல்லை; பாண்டி என்று ஒரே மகன். அவனுக்குப் பஞ்சு மில்லில் வேலை, கல்யாணமாகியிருந்தது. விருமாயியின் வாய்க்குத் தெருவே பயப்படும். அந்த வாய் பெரும்பாலும் அவரைப் பார்த்துத்தான் திறந்திருந்தது.

"தவக்களைய வித்துத் திங்கிற மனுசனுக்குப் பேச்சப் பாரு, பேச்ச. மழை இல்லாத மாசத்துலகூட ராவெல்லாம் கொர்ரு கொர்ருங்குது. புள்ளத்தாச்சி தூங்குறாளா, கெழடு தூங்குதா?"

அவர் சுவருக்கு அப்பாலிருந்து பதில் சொல்வார். "கத்துறது அம்புட்டும் ஆண் தவளை. பொம்பளைத் தவளை வாயே தெறக்காது. நீயும் அதுகிட்டக் கொஞ்சம் கத்துக்க."

"வந்தேன்னா வெளக்கமாறு பிஞ்சிரும், ஆமா!"

இவர்களுக்குள் பெரிய சண்டை அரணையால் வந்தது. பளபளவென்று, பாம்புக்குக் கால் முளைத்தது போல ஓடும் பிராணி. அரணை கடித்தால் மரணம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் கடித்துச் செத்தவர்களை யாரும் பார்த்ததில்லை. அதற்கும் ஊரில் சமாதானம் உண்டு: அரணைக்கு மறதி அதிகம், கடிக்கத்தான் வரும், பாதி வழியில் எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பிவிடும்.

"கடிச்சா சாவு. ஆனா கடிக்க மறந்துரும். இதைவிட வசதியான பொய் உலகத்துல உண்டா?" என்பார் அவர். எல்லாப் பொய்களிலும் அவருக்கு அதிகக் கோபம் இதன்மேல்தான்.

ஒரு நாள் விருமாயி ஆட்டுக் கொட்டிலில் ஓர் அரணையை விளக்குமாற்றால் விரட்ட, அவர் சுவர் தாண்டி வந்து அதைக் கையால் பிடித்துவிட்டார். எனக்கு ஆள் அனுப்பினார். நான் போனபோது தெருவே கூடியிருந்தது. அவர் அரணையின் வாயைத் திறந்து சுண்டுவிரலை உள்ளே விட்டார். அது கவ்விக்கொண்டது. விரலோடு அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"யாராச்சும் பிடிச்சு இழுங்கடி!" என்று ஒருத்தி கத்தினாள்.

"விடுங்கடி" என்றாள் விருமாயி. "சனியன் இன்னியோட தொலையட்டும்."

அவர் ஒரு நாற்காலி கொண்டுவரச் செய்து, தெரு நடுவில் போட்டு உட்கார்ந்தார். அரணையைக் கொல்லைப் பக்கம் விட்டுவிட்டு என்னிடமிருந்த பத்திரிகையை வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். பெண்கள் உலை வைக்கப் போனார்கள். போய்ப் போய் வந்து எட்டிப் பார்த்தார்கள். வயலுக்குப் போய்த் திரும்பிய ஒருவர் கிட்டே வந்து குனிந்து பார்த்து, "என்னங்க, இன்னம் இருக்கீகளா?" என்று கேட்டார். கேலியில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். வெயில் சாய்ந்தபோது அவர் எழுந்து பத்திரிகையை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"விருமாயி, பார்த்தியா?"

"பார்த்தேன்."

"இனிமே அரணைக்கு விஷம்னு சொல்லுவியா?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சொல்ல மாட்டேன். மனுசன்தேன் கோணல். சொன்னது நேரு."

அவர் வாழ்நாளில் மாற்றிய ஆள் என்று எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான். மற்றவர்கள், அவர் தின்கிற மருந்து அப்படி, அவரைப் பாம்பு கடித்தால் பாம்புதான் சாகும் என்று பேசிக்கொண்டார்கள். விருமாயி மட்டும் கிணற்றடியில் அவருக்காகச் சண்டை போட்டாள். "நீ பார்த்தியாடி? நான் பார்த்தேன்டி. வாய்க்குள்ள வெரலை விட்டாரு. மறுநா வழக்கம்போல எங்கூடச் சண்டைக்கு வந்தாரு."

அடுத்து நடந்ததில் ஒரு பகுதி நான் பார்த்தது, ஒரு பகுதி கேட்டது. முதலில் கேட்டது. மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் ஒன்றுபோலவே சொன்னார்கள்.

ஐப்பசி மழை. வைகையில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. பொந்துகளில் நீர் புகுந்து ஊர்வன எல்லாம் வீடுகளுக்குள் ஏறிவந்த சமயம். பாண்டி தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தான். விடிந்து எழுந்தபோது மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஏதோ சுருக்கென்றது போல இருந்தது என்றான். விருமாயி பாயைச் சுருட்டினாள். அடியிலிருந்து ஓர் அரணை ஓடியது.

மருமகள் அலறினாள். "அத்தை, அரணை! அவுகளக் கடிச்சிருச்சு!"

தெரு கூடியது. ஒருவர் கயிற்றால் முழங்கைக்கு மேல் கட்டினார். பாண்டியின் சித்தப்பன் வண்டியில் மாட்டைப் பூட்டிவிட்டார். பெரியாஸ்பத்திரியில் விஷக்கடிக்கு ஊசி இருக்கிறது, வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்றார். பாண்டி வண்டியில் ஏறிவிட்டான். தடுத்தவள் விருமாயி.

"இரு கொழுந்தா. அரணைக்கு விசம் இல்ல, எனக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம். அந்தாளு என்னயத் திட்டுவாரு. பொய் சொல்ல மாட்டாரு."

அவர் தொட்டியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். ஈரக்கையோடு வந்தார். தன் கேள்வியைக் கேட்டார்.

"பார்த்தியா, கேட்டியா?"

"பார்த்தேங்கய்யா. இந்தக் கண்ணால பார்த்தேன். பாயைச் சுருட்டுறேன், அடியிலருந்து ஓடுது."

"என்ன ஓடுச்சு?"

"அரணைதேன்."

அவர் முகத்தில் சிரிப்பு வந்தது என்று மூவருமே சொன்னார்கள். அந்தத் தெருவில் அதற்கு முன்னால் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதனால் மூவருக்கும் மறக்கவில்லை. பாண்டியின் மணிக்கட்டைப் பிடித்து அந்தத் தடித்த விரல்களால் தடவிப் பார்த்தார்.

"வலிக்குதாடா?"

"வலி இல்லைங்க. கொசு கடிச்சாப்ல இருக்கு. வகுறுதேன் ஒரு மாதிரியாப் பெசையுது."

"பயம். பயந்தா வயித்தைப் பிசையத்தான் செய்யும்." கயிற்றை அவரே அவிழ்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "என்னைக் கடிச்சப்போ மருந்து தின்னவன்னு சொன்னீங்க. இவன் எந்த மருந்தும் திங்கலையே? இன்னிக்கு இவன் மில்லுக்குப் போவான், வேலை பார்ப்பான், சாயங்காலம் இதே தெருவில நடந்து வருவான். அப்பவாச்சும் ஒத்துக்கங்க. மாட்டை அவுத்துவிடுய்யா."

சித்தப்பன் விருமாயியைப் பார்த்தார். விருமாயி தலையாட்டினாள். மாட்டை அவிழ்த்தார்கள். பாண்டி வண்டியிலிருந்து குதித்து, பழைய சோற்றை இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு மில்லுக்கு நடந்தான்.

மில்லில் அவனோடு வேலை பார்த்தவர்கள் சொன்னது: கொஞ்ச நேரத்தில் கண் இமை கீழே இறங்கிவிட்டது. தூக்கத் தூக்க விழுந்தது. மேஸ்திரி, "ராத்திரி கூத்துப் பார்க்கப் போனியாடா?" என்று அதட்டினார். பதில் குழறியது. கள் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்றார் ஒருவர். தண்ணீர் கொடுத்தார்கள், விழுங்க முடியாமல் மூக்கு வழியாக வந்தது. அப்போதுதான் பயந்து ஜட்கா பிடித்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சு இல்லை.

வீட்டார் அரணை என்றார்கள். ஆஸ்பத்திரியில் விஷக்கடி என்று எழுதிக்கொண்டார்கள். என் சக நிருபர் ஒருவர், "அரணை தீண்டி மில் தொழிலாளி மரணம்" என்று மறுநாள் பத்திரிகையில் போட்டார். நல்ல தலைப்பு. அன்று டீக்கடைகளில் எல்லாம் அதைத்தான் உரக்கப் படித்தார்கள்.

இனி நான் பார்த்தது.

அந்தச் செய்தி வந்த காலையில் நான் கோச்சடைக்குப் போனேன். துக்க வீட்டு வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். விருமாயி உள்ளே இல்லை. அவர் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. வசவும் இல்லை. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. அவர் வெளியே வந்தார். முந்தின நாள் கட்டிய அதே வேட்டி. கஞ்சி கலைந்திருந்தது.

"நான் அரணை ஓடுனதைப் பார்த்தேன்" என்றாள் விருமாயி. "கடிச்சதை நான் பாக்கல. நீங்க பார்த்தீகளா, கேட்டீகளா?"

புன்னாகவராளிச் செய்திக்காக என்னை நிற்கவைத்துக் கேட்ட அதே கேள்வி. ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிற தப்பு. அதை அவருக்குச் சொல்லித்தர இந்த ஊரில் ஒருவரும் இல்லை. அவர்தான் எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர்.

"அரணைக்கு விஷம் கிடையாது" என்றார் அவர்.

சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொள்வார் என்று நினைத்தோம். வளைந்த நுனியுள்ள கம்பி ஒன்றோடு வெளியே வந்து, நேராக விருமாயி வீட்டுக்குள் நுழைந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். பாண்டி படுத்திருந்த அறையின் சுவரோரம் மண்டியிட்டு, நெல் சேர்த்துவைக்கும் குலுக்கையை நகர்த்தச் சொல்லி, அதற்குப் பின்னால் இருந்த எலிப்பொந்தில் கம்பியை விட்டு இழுத்தார். கறுப்பு, உடம்பெல்லாம் வெள்ளை வளையம் வளையமாக, கை நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம். கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"கட்டுவிரியன். இதுதான் கடிச்சது. அரணை இல்லை. எல்லாரும் பார்த்துக்குங்க."

நேற்று மகனைப் பறிகொடுத்தவளின் முன்னால் அதை நீட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் அந்தப் பழைய நிறைவு வர முயன்று, வராமல் போனதைப் பார்த்தேன்.

விருமாயி பாம்பைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"நேத்துக் காலையில வந்து தேடியிருக்கலாமேய்யா" என்றாள்.

கூட்டத்தில் ஒருவர், "அந்தாளு சீசாவுல இல்லாத பாம்பா? கையோட கொண்டாந்துருப்பாரு" என்றார். நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். அவர் பொந்துக்குள் கம்பியை விட்டு இழுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், கொண்டுவரவில்லை. ஆனால் அதை அவரோ நானோ சொல்லி அங்கே எவரும் கேட்கிற நிலையில் இல்லை.

இரண்டு நாள் கழித்து மரப்படியில் அந்தச் சத்தம் கேட்டது. அச்சுக் கோக்கிறவர்கள் சிரிக்கவில்லை. அவர் வந்து, குடையை நாற்காலிமேல் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, என் மேஜைமேல் ஒரு சீசாவை வைத்தார். உள்ளே அந்தக் கட்டுவிரியன் வளையங்கள் மங்காமல் சுருண்டு கிடந்தது.

"திருத்தம் போடணும். அரணை கடிச்சு யாரும் சாகலை."

"போடலாம் சார்" என்றேன். ஒரு தாளை எடுத்துக்கொண்டேன். "பாண்டியைக் கடிச்சது கட்டுவிரியன்."

"ஆமா."

"வீட்டுச் சுவர்ப் பொந்திலே மறுநாள் பிடிபட்டது."

"ஆமா. உம்ம கண் முன்னால."

"கடிபட்ட காலையில ஆஸ்பத்திரிக்கு வண்டி பூட்டி நின்னது. ஆபத்தில்லைன்னு சொல்லி மாட்டை அவிழ்க்கவைச்சது இன்னார்."

அவர் சீசாவின் மூடியை ஒருமுறை இறுக்கினார்.

"மூணாவது, பாம்பைப் பத்தின விஷயம் இல்லையே."

"இல்லை சார். பாண்டியைப் பத்தினது. அது இல்லாம பாதித் திருத்தம் போடுறதுக்கில்லை."

"அதை நீர் பார்த்தீரா?"

"கேட்டேன். மூணு பேர்கிட்ட. நீங்க இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா அதையும் சேர்த்துப் போடுறேன்."

அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஊரில் யாருக்கும் அது சுலபம். அவருக்கு மட்டும் முடியாது. அந்த ஒன்றை அவருக்காக நான் சொல்லியே ஆகவேண்டும். ஆமாம் என்றும் அவர் சொல்லவில்லை. என் மேஜையில் காய்ந்துகொண்டிருந்த மைக்கூட்டை எதற்காகவோ நகர்த்தி வைத்தார். பிறகு சீசாவை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினார். அந்தப் படியில் அவர் மறுபடி ஏறவில்லை. நாங்கள் அதற்குப் பின்னாலும் பாம்பு நடனம் போட்டோம், பால் குடித்த நாகம் போட்டோம், பல்லி பலன் வாரம் தவறாமல் வந்தது.

அடுத்த வருஷம் ஒரு கோவில் கொடைச் செய்திக்காகக் கோச்சடைக்குப் போனேன். தொட்டிகள் இன்னும் இருந்தன. கொல்லையில் தவளைச் சத்தம் கேட்டது. விருமாயி வீடு பூட்டியிருந்தது. மருமகளைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தானும் அங்கேயே ஆடு மேய்ப்பதாகச் சொன்னார்கள். தெருவில் ஒரு சின்னப் பையன் குச்சியை வைத்துக்கொண்டு சுவர் இடுக்கில் எதையோ நோண்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா ஓடிவந்து முதுகில் ஒன்று வைத்தாள்.

"அரணைடா அது, எடுவட்ட பயலே! கடிச்சா அம்புட்டுத்தேன். விருமாயி மகன் எப்பிடிச் செத்தான்? பேப்பர்லயே போட்டாகள்ல?"

அப்போது அவர் தெருக்கோடியில் திரும்பி வந்துகொண்டிருந்தார். அதே மூடிய கோட்டு, குடை. அவள் அவரைப் பார்த்துவிட்டாள். அடி வாங்கப்போகிறவள் போலப் பையனை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, சொன்னதை விட்டுக்கொடுக்காத முகத்தோடு நின்றாள். சுவர் இடுக்கிலிருந்து அரணை வெளியே வந்தது. வெயிலில் பளபளத்து ஒரு நிமிஷம் நின்று, பிறகு அவர் காலுக்கு முன்னாலேயே தெருவைக் கடந்து ஓடியது.

அவள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன்.

காலடி, குடை நுனி, காலடி, குடை நுனி. எங்களைத் தாண்டிப் போனார். அந்தச் சத்தம் எங்கும் நிற்கவில்லை.